15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை

அம்மாவிடம் அந்தப் படத்தைக் கைப்பேசியில் காட்டியபோது அவர் முதலில் கேட்டது, "எத்தனை புள்ளி?" என்றுதான்.

அது கிராஃபீன் படம். கார்பன் அணுக்கள் ஒரே ஒரு அடுக்காக, அறுகோணம் அறுகோணமாகக் கோத்து நிற்கும் தாள். யார் கேட்டாலும் நான் தேன்கூடு என்றுதான் சொல்வேன். பள்ளிப் பிள்ளைகள் ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்க வரும்போதும் அதே தேன்கூடுதான், பல வருடமாக. அம்மாவுக்குத் தேன்கூடு தெரியவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "ஊடுபுள்ளிதான். ஆனா நடுவுல நடுவுல ஒரு புள்ளிய விட்டுட்டே போயிருக்கே."

நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் சொன்னது அவ்வளவு சரி.

கோலம் போடத் தெரியாதவர்களுக்காக: ஊடுபுள்ளி என்றால், ஒரு வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசையின் புள்ளி விழும். மாத இதழ்களில் போடுவார்களே, "15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை" என்று. நடு வரிசையில் 15, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8-இல் நிறுத்தினால் 169 புள்ளிகள் ஓர் அறுகோணமாக நிற்கும். அதிலிருந்து மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒழுங்காகப் புள்ளிகளை அழித்துக்கொண்டே போனால் மிச்சம் நிற்பது கிராஃபீன். அழித்த இடங்கள்தாம் அறுகோணங்களின் வெற்று நடு. படிகவியல் வகுப்பில் எனக்கு அரை நாள் பிடித்த விஷயத்தை, சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசலில் வெள்ளிக்கிழமைதோறும் மாவு வைக்கிறவர் ஒரு பார்வையில் சொல்லிவிட்டார்.

என் வேலை எலக்ட்ரான் நுண்ணோக்கியை இயக்குவது. ஆராய்ச்சி மாணவர்கள் மாதிரிகளைக் கொண்டு வருவார்கள். நான் அணுக்களைப் படமெடுத்துக் கொடுப்பேன். சிங்கப்பூரில் இந்தத் துறைக்கு வேலை நிறைய. மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டை உரித்து உரித்து ஒற்றை அடுக்கைப் பிரித்தது 2004-இல். இருவருக்கும் நோபல் கிடைத்த 2010-ஆம் ஆண்டே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கிராஃபீனுக்கென்று ஓர் ஆய்வு மையம் வந்துவிட்டது. 2019-இல் நோவோசெலோவே அங்கு பேராசிரியராக வந்து சேர்ந்தார். இன்றைக்கு இங்கே எந்தப் பொருளறிவியல் கட்டடத்துக்குள் நுழைந்தாலும், யாரோ ஒருவர் சிறு பெட்டியில் ஒற்றை அடுக்கு எதையாவது தூக்கிக்கொண்டு போவார்.

தூக்கிக்கொண்டு போவது 3 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டச் சல்லடைத் தகடு. நாங்கள் கிரிட் என்போம். கார்பனுக்கும் அடுத்த கார்பனுக்கும் இடைவெளி 0.142 நானோமீட்டர். அம்மாவின் கோலத்தில் புள்ளிக்குப் புள்ளி 2 சென்டிமீட்டர் இருக்கும். கார்பன் இடைவெளி அந்த 2 சென்டிமீட்டர் ஆகும்வரை பெரிதாக்கிக்கொண்டு போனால், கிரிட் 420 கிலோமீட்டர் அகலம் ஆகிவிடும். சிங்கப்பூரில் கோலத்தைத் தொடங்கினால் கோலாலம்பூரைத் தாண்டித்தான் முடியும். அவ்வளவு பெரிய வாசலில் எந்த மூலையில் புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்று தேடுவதுதான் சம்பளத்துக்கு நான் செய்யும் வேலை.

சுத்தமான கிராஃபீனைப் படமெடுப்பது இப்போது பெரிய வித்தை இல்லை. வித்தை வேறு இடத்தில் இருக்கிறது. சுத்தமான தாளை வைத்துக்கொண்டு யாரும் சும்மா இருப்பதில்லை. அதில் எதையாவது ஒட்டவோ, அதிலிருந்து எதையாவது பிடுங்கவோ வேண்டும். ஹைட்ரஜனை ஒட்டினால் மின்சாரம் கடத்தும் தாள் கடத்தாத தாளாக மாறும், 2009-இல் செய்துகாட்டினார்கள். ஃபுளோரினை ஒட்டினால் 2010-இல் வந்த ஃபுளோரோகிராஃபீன். ஆக்சிஜனை ஏற்றினால் கிராஃபீன் ஆக்சைடு. இந்தக் கடைசிப் பொருளின் வயது பலருக்குத் தெரியாது. பெஞ்சமின் பிராடி என்ற ஆங்கில வேதியியலாளர் கிராஃபைட்டைப் பொட்டாசியம் குளோரேட்டிலும் நைட்ரிக் அமிலத்திலும் போட்டு அதன் மூலப்பொருளைச் செய்தது 1859-இல். ஒன்றரை நூற்றாண்டு தாண்டியும், அதில் ஆக்சிஜன் சரியாக எங்கே எப்படி உட்கார்ந்திருக்கிறது என்ற சண்டை ஓயவில்லை. படமெடுத்துப் பார்த்தால் கொஞ்சம் நல்ல தேன்கூடு, கொஞ்சம் குழம்பிய பகுதி, அங்கங்கே ஓட்டை என்று திட்டுத் திட்டாகத் தெரியும். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவதைத்தான் நுண்ணோக்கி நன்றாகக் காட்டும். வேதியியல் ஒட்டவைப்பதெல்லாம் திரும்பவே வராதவை.

இங்கே கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், கடைக்கணக்குதான்.

நான் பெரும்பாலும் பயன்படுத்தும் முறையில் எலக்ட்ரான் கற்றையை ஓர் அணுவை விடச் சிறிய புள்ளியாகக் குவித்து, தாளின் மேல் வரிவரியாக நகர்த்துவோம். அணுவின் கருவுக்கு மிக அருகில் போன எலக்ட்ரான் அகலமாகச் சிதறும். அப்படிச் சிதறியதை மட்டும் வளையம் போன்ற உணரியில் பிடித்து எண்ணினால், கனமான அணு பளிச்சென்றும் லேசான அணு மங்கலாகவும் தெரியும். எவ்வளவு பளிச்? அணு எண்ணை ஓர் அடுக்குக்கு (வர்க்கம், கனம் போல) உயர்த்திய அளவில் கூடும். அந்த அடுக்கு 1.6-க்கும் 2-க்கும் இடையில் இருக்கும். 1.7 என்று வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தால் மாலிப்டினம் 575, கந்தகம் 111, நைட்ரஜன் 27, கார்பன் 21 என்று வரும். ஹைட்ரஜன் 1.

அந்த 1-ஐக் கவனியுங்கள். கார்பன் தாள் மேல் ஹைட்ரஜனை ஒட்டிவிட்டு, படமெடுத்துக் கொடுங்கள் அக்கா என்று கேட்டு வருவார்கள். 21 வெளிச்சத்தின் மேல் 1 வெளிச்சத்தைத் தேட வேண்டும், அதுவும் இரைச்சலுக்கு நடுவில். வரலாறும் இந்த வரிசைப்படியே நடந்தது. ஆல்பர்ட் குரூ சிகாகோவில் தனி அணுக்களைக் காட்டியது 1970-இல். அவை தோரியமும் யுரேனியமும், அட்டவணையின் கடைசி வரிசைக் கனவான்கள். ஓர் ஒற்றை அடுக்கு போரான் நைட்ரைடில் இது போரான், இது நைட்ரஜன், இதோ இங்கே ஒரு கார்பன் புகுந்திருக்கிறது, அதோ அங்கே ஓர் ஆக்சிஜன் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்ட 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாற்பது வருடம்.

அந்தத் தாமதத்துக்குப் பெரிய காரணம் லென்ஸ். எலக்ட்ரானை வளைக்கும் வட்டமான காந்த லென்ஸில் கோளப்பிறழ்ச்சி (ஓரமாக நுழைவதும் நடுவில் நுழைவதும் ஒரே புள்ளியில் குவியாத குறை) இருந்தே தீரும், தப்ப முடியாது என்று ஓட்டோ ஷெர்சர் 1936-இலேயே நிரூபித்துவிட்டார். வட்டமாக இல்லாத காந்தங்களைச் சேர்த்து அந்தக் குறையைத் திருத்தலாம் என்பது தெரிந்தும், அதை நிஜமாகச் செய்து அணுத்தெளிவு காட்ட 1990-களின் கடைசி ஆகிவிட்டது. ஹாரல்ட் ரோஸ், மாக்சிமிலியன் ஹைடர், குனுட் உர்பன் ஒரு பக்கம். ஒன்ட்ரெய் கிரிவானெக் இன்னொரு பக்கம். நால்வருக்கும் 2020-இல் காவ்லி பரிசு கிடைத்தது. அணு எண்ணை வெளிச்சமாகப் படிக்கும் முறையை ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவரான ஸ்டீபன் பென்னிகுக் பின்னாளில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். இங்கே இந்தத் தொழில் வேரூன்றியதில் அதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

சரி, லென்ஸைத் திருத்தியாயிற்று. அடுத்த தொல்லை, பார்ப்பதே அடிப்பதாக இருப்பது.

என் கற்றையில் சாதாரணமாக 20 பிக்கோ ஆம்பியர் ஓடும். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். நொடிக்கு 12.5 கோடி எலக்ட்ரான்கள் என்று அர்த்தம். எல்லாம் ஓர் அணுவின் அகலத்துக்குள் இறங்குகின்றன. நேருக்கு நேர் மோதினால் எலக்ட்ரான் எவ்வளவு ஆற்றலைக் கொடுக்கும் என்பது மோதப்படும் அணுவின் எடையைப் பொறுத்தது. கேரம் ஆடியவர்களுக்குப் புரியும். ஒரே ஸ்டிரைக்கர், ஒரே சுண்டு. தனிக் காய் பறக்கும், நான்கு காயை ஒட்டி ஒரே காயாக்கி வைத்தால் லேசாக அசையும். கற்றையை 60 கிலோவோல்ட்டில் முடுக்கினால், கந்தக அணுவுக்கு அதிகபட்சம் 4.4 எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு), கார்பனுக்கு 11.6, ஹைட்ரஜனுக்கு 138. கார்பனை கிராஃபீனிலிருந்து பிய்க்க 17-க்கு மேல் வேண்டும், அதனால் அது தாங்கும். ஹைட்ரஜனின் பிணைப்புக்கு ஒற்றை இலக்க எலக்ட்ரான்வோல்ட் போதும். ஆக, எது மிக மங்கலாகத் தெரிகிறதோ அதுதான் மிக எளிதாகப் பறந்துபோகிறது. யாரோ வேண்டுமென்றே இப்படி அமைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பது போல எனக்குத் தோன்றும்.

வோல்ட்டேஜை இன்னும் குறைத்தால்? மோதிப் பறப்பது குறையும். ஆனால் பிணைப்பு எலக்ட்ரான்களைக் கிளறிவிட்டு மூலக்கூறைக் கருக்கும் வேலை கூடும். ஒட்டவைத்த கரிம மூலக்கூறுகளுக்கு அதுதான் எமன்.

என் சொந்தத் தவறு ஒன்று. போன வருடம் எங்கள் குழுவுக்குத் திருச்சியிலிருந்து வந்த தம்பி ஒருவர், பிஎச்டி மாணவர், மாலிப்டினம் டைசல்ஃபைடு கொண்டு வந்தார். இந்தப் பொருளில் மாலிப்டினம் ஒரு தளமாகவும், அதன் மேலும் கீழும் கந்தகம் ஒவ்வொரு தளமாகவும் இருக்கும். சாண்ட்விச் மாதிரி. மேலிருந்து பார்த்தால் இதுவும் அம்மாவின் புள்ளி விட்ட கோலம்தான். மாலிப்டினம் ஒரு புள்ளி, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இரண்டு கந்தகம் அடுத்த புள்ளி. ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக மாறி மாறி வரும். வளர்க்கும்போது அங்கங்கே ஒரு கந்தகம் விட்டுப்போயிருக்கும். அந்தக் காலியிடத்தில் தியோல் என்ற மூலக்கூறைக் கொண்டுபோய் உட்காரவைப்பது அவர் வேலை. தியோலின் தலையில் கந்தகம் இருக்கும், பின்னால் கார்பன் வால். தலை காலியிடத்தில் அமர்ந்துகொள்ளும், வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாலில் நமக்கு வேண்டியதைக் கட்டிக்கொள்ளலாம். யோசனை நல்ல யோசனை.

கேள்வி எளிது. தியோலில் முக்கி எடுத்த தாளில் காலியிடம் குறைந்திருக்கிறதா?

எண்ணினோம். குறையவில்லை, கூடியிருந்தது. முக்காத தாளை விட முக்கி எடுத்த தாளில்தான் ஓட்டை அதிகம். தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. இரண்டு வாரம் கரைசலை மாற்றினார், நேரத்தை மாற்றினார், கழுவும் திரவத்தை மாற்றினார். கேன்டீனில் தே தாரேக்கை முன்னால் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருப்பார். "எல்லாம் ரிவர்ஸ்ல வருதுக்கா" என்றார் ஒரு நாள்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. முக்கி எடுத்த தாளில் வால்கள் இருந்தன, கூடவே மீந்துபோன மூலக்கூறுகளும். கற்றை பட்டதும் இவை ஊர்ந்து வந்து மேகம் போலப் படியும். மேகத்தின் வழியாக ஃபோகஸ் பிடிக்க முடியாமல் நான் அதே இடத்தில் நின்று நின்று திருகிக்கொண்டிருந்திருக்கிறேன். 80 கிலோவோல்ட்டில். அந்த வோல்ட்டேஜில் கந்தகத்துக்குப் போகும் ஆற்றல், அதைப் பிய்க்கத் தேவையான அளவுக்கு மிக அருகில் வந்துவிடும். சேமித்திருந்த ஸ்கேன்களை வரிசையாகத் திறந்தேன். ஒரே இடம். முதல் ஸ்கேனில் நான்கு காலியிடம், பத்தாவதில் பதின்மூன்று. படம் அழகாக வர வேண்டும் என்று நான் காத்திருந்த நேரத்தில் ஒன்பது கந்தகத்தை நானே தட்டிவிட்டிருந்தேன்.

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "அப்ப என் கெமிஸ்ட்ரி தப்பில்லையா?" என்றுதான் கேட்டார். அதுவும் தெரியாது என்றேன்.

இப்போது செய்யும் முறை: 60 கிலோவோல்ட். பக்கத்தில், தேவையில்லாத இடத்தில் ஃபோகஸ் எல்லாம் பிடித்துவிட்டு, கற்றையை மறைத்து, யாரும் பார்க்காத புது இடத்துக்கு நகர்ந்து, திறந்ததும் விழும் முதல் ஸ்கேனையே படமாக எடுப்பது. மணல்காகிதம் போலச் சொரசொரப்பாக இருக்கும். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த நிறுத்திக்கொள்வதற்கு எனக்குப் பத்து வருட அனுபவம் உதவவில்லை. பத்து வருடமாக அழகான படம் எடுத்துப் பழகிய கை அது.

ஆனால் முதல் ஸ்கேனை வைத்தும் நாங்கள் என்ன சொல்ல முடியும் என்று பாருங்கள். முழுக் கந்தகப் புள்ளி, இரண்டு அணு, 223. ஒன்று விட்டுப்போனால் 111. அங்கே தியோல் வந்து அமர்ந்தால் மறுபடி இரண்டு கந்தகம், மறுபடி 223. அதாவது வேதியியல் வெற்றி பெற்றால் படத்தில் அந்த இடம் ஒன்றும் நடக்காத இடம் போலவே இருக்கும்! வந்து அமர்ந்த கந்தகம் பிறந்தபோதே இருந்த கந்தகத்திலிருந்து எந்த விதத்திலும் வேறுபட்டுத் தெரியாது. வால் தெரியுமா என்றால், அது ஆடிக்கொண்டே இருக்கும் கார்பன் சங்கிலி. இரண்டொரு எலக்ட்ரான் பட்டதும் அதன் கதை முடிந்துவிடும்.

இதில் ஆக்சிஜன் வேறு. சிங்கப்பூரின் காற்றில் நீராவிக்குக் குறைவா என்ன. எதைத் திறந்து வைத்தாலும் வந்து உட்காரும். கந்தகத்துக்குப் பதில் ஆக்சிஜன் அமர்ந்தால் 34 கூடி 145. முன்பு காலியிடம் என்று எண்ணப்பட்ட பல புள்ளிகள் உண்மையில் ஆக்சிஜன் அமர்ந்தவை என்று 2019-இல் ஒரு குழு காட்டியது. முனைவருடி நுண்ணோக்கியையும் (கூரான முனையைப் பரப்பின் மேல் ஓட்டிப் பார்ப்பது, பின்னால் சொல்கிறேன்) கணக்கீட்டையும் சேர்த்து வைத்துத்தான் பிரித்துச் சொல்ல முடிந்தது. இரைச்சல் மிகுந்த என் முதல் ஸ்கேனில் 111-ஐயும் 145-ஐயும் பிரிப்பது, லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தீபாவளிக் கூட்டத்தில் நின்று கொலுசு சத்தம் கேட்பது மாதிரி.

அதனால் எண்ணும் அட்டவணையில் நிரலைக் கூட்டினோம். முழுசு, ஆக்சிஜன் போல, காலி, தெரியவில்லை. கடைசி நிரல்தான் எப்போதும் வேகமாக வளர்கிறது.

அழுக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தத் துறைக்கு வரும் யாரையும் முதலில் ஏமாற்றுவது சிலிக்கான். கிராஃபீனில் திடீரென்று ஒரு புள்ளி நான்கு மடங்கு பளிச்சென்று நிற்கும். நாம் சேர்த்த வேறு தனிமம் கிடைத்துவிட்டது என்று மாணவர்கள் துள்ளுவார்கள். குவார்ட்ஸ் குழாயிலிருந்தோ கண்ணாடியிலிருந்தோ சிலிக்கோன் பசையிலிருந்தோ வந்த சிலிக்கானாகத்தான் பெரும்பாலும் இருக்கும். உறுதிசெய்ய வேண்டுமென்றால் அந்த அணுவைக் கடந்த எலக்ட்ரான் எவ்வளவு ஆற்றலை இழந்தது என்று அளக்க வேண்டும். சிலிக்கான் 99 எலக்ட்ரான்வோல்ட்டில் காட்டிக்கொடுக்கும், கார்பன் 284-இல், நைட்ரஜன் 401-இல். அதற்குக் கற்றையை அந்த அணுவின் மேல் நிறுத்தி வைக்க வேண்டும். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைத்தான் மேலே எழுதிவிட்டேனே.

சுத்தம் செய்துவிட்டுப் பார்க்கலாமே என்பார்கள். செய்கிறோம். வெற்றிடத்தில் 160 டிகிரியில் இரவு முழுக்கச் சுட்டு எடுத்தால் கிராஃபீன் பளபளவென்று ஆகிவிடும். கிராஃபீன் ஆக்சைடை அப்படிச் செய்யப்போனால், 200 டிகிரி நெருங்கும்போது ஆக்சிஜன் குழுக்களே கழலத் தொடங்கிவிடும். குளிப்பாட்டப் போய்க் குழந்தையையும் சேர்த்து ஊற்றிவிட்ட கதை. எங்கே நிறுத்துவது என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். ஒரு பொது விதி இருப்பதாக யாராவது சொன்னால் அவர் நிறைய மாதிரி பார்க்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

ஹைட்ரஜனைப் பார்க்கவே முடியாதா என்றால், எங்கள் கருவியை விட்டு வெளியே போனால் முடியும். முனைவருடி நுண்ணோக்கி 1981-இல் ஐபிஎம்மின் சூரிக் ஆய்வகத்தில் வந்தது. கூரான உலோக முனையைத் தாளின் மேல் தொடாமல் ஓட்டி, இடையில் கசியும் மின்னோட்டத்தை அளக்கும். 2016-இல் மாட்ரிட் குழு ஒன்று கிராஃபீன் மேல் ஒற்றை ஹைட்ரஜனை அப்படிப் பார்த்தது. அது உட்கார்ந்த இடத்தைச் சுற்றிப் பல நானோமீட்டர் தூரத்துக்குத் தாளின் எலக்ட்ரான்கள் கலங்கிப்போய், ஒரு சின்னக் காந்தத்தன்மையே வந்திருந்தது. ஹைட்ரஜன் தானாகத் தெரியவில்லை, அக்கம்பக்கம் பட்ட பாட்டில் தெரிந்தது. 2009-இல் அதே சூரிக் ஆய்வகத்தில், முனையில் ஒரே ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறை ஒட்டவைத்து, பென்டசீன் மூலக்கூறின் ஐந்து வளையங்களையும் தடவியே படமாக்கினார்கள். பார்த்தால் அப்படியே வேதியியல் புத்தகத்தில் வரைந்த படம். அந்த முறைக்கு மிகக் குளிர்ந்த, மிகச் சுத்தமான பரப்பு வேண்டும். பீக்கரில் முக்கி எடுத்துவரும் எங்கள் தாள்களை அங்கே வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

எலக்ட்ரான் பக்கத்தில் நான் நம்பிக்கை வைத்திருப்பது டைகோகிராஃபி. சிதறியவற்றில் ஒரு பகுதியை மட்டும் எண்ணாமல், ஒவ்வொரு புள்ளியிலும் சிதறல் முழுவதையும் ஒரு படமாகப் பிடித்து, பின்னால் கணினியில் தாளை மீட்டெடுப்பது. 2018-இல் கார்னெல் குழு 80 கிலோவோல்ட்டில் மாலிப்டினம் டைசல்ஃபைடை 0.039 நானோமீட்டர் தெளிவில் காட்டியது. எலக்ட்ரானை வீணாக்காத முறை என்பதுதான் எனக்குப் பிடித்த காரணம். லேசான அணுவும் கொஞ்சம் தலை காட்டும்.

எங்கள் அறையைப் பற்றி ஒரு வார்த்தை. தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லை. வெளியே 32 டிகிரி வெயிலில் நடந்து வந்து, உள்ளே ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு உட்காருவேன். குளிர்சாதனக் காற்று நேராகக் கருவியில் பட்டால் படம் அலையும். சத்தமாகப் பேசினாலும் அலையும். பக்கத்தில் எம்ஆர்டி ஓடும் கட்டடங்களில் ரயில் போகும்போது மாறும் காந்தப்புலத்துக்கே கற்றை நெளியும். அதனால் நுணுக்கமான வேலைக்கு நான் இரவில்தான் போவேன், கடைசி ரயில் போன பிறகு. அம்மாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் அப்படி என்ன புள்ளி எண்ணுகிறாய் என்பார்.

ஒரு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. வடிகட்டிய படங்கள். ஒழுங்கான அமைப்பு மட்டும் மிஞ்சும்படி கணினியில் வடிகட்டினால் இரைச்சல் போய்ப் படம் முத்து முத்தாக வந்துவிடும். ஒழுங்கற்றதும் கூடவே போய்விடும். சில சமயம் இல்லாத இடத்திலும் ஓர் அணுவை முளைக்கவைக்கும். கோலத்தில் அழிந்த புள்ளியைச் சுற்றியுள்ளதைப் பார்த்து நாமே வைத்துவிடுவது போல. வாசலுக்குச் சரி. ஒட்டவைத்ததைத் தேடுகிறவருக்கு, தேடுவதையே துடைத்துவிட்ட மாதிரி. 2020-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் குழு ஒன்று ஒற்றை அணுத் தடிமனில் ஒழுங்கே இல்லாத கார்பன் தாளைச் செய்து, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு பக்க வளையங்கள் கலந்து கிடப்பதை அணு அணுவாகக் காட்டியது. ஒழுங்கற்ற திடப்பொருள் எப்படி இருக்கும் என்று படிகவியலாளர் சக்கரியாசென் 1932-இல் முன்வைத்த மாதிரி வடிவம் அங்கே பொருந்தவில்லை என்பதும் அந்தப் படங்களிலிருந்து தெரிந்தது. அதை யாராவது வடிகட்டியிருந்தால் அழகான அறுகோணங்கள் கிடைத்திருக்கும்.

தம்பியின் கட்டுரையை இந்த வருடம் அனுப்பினோம். பார்த்த மதிப்பீட்டாளர் ஒருவர் இன்னும் தெளிவான படம் கேட்டார். நியாயமான கேள்விதான். "பத்து ஸ்கேன கூட்டி ஒண்ணாக்கிடலாமாக்கா?" என்றார் தம்பி. கூட்டலாம், ஆனால் பத்தாவதில் இருப்பது வேறு தாள் என்றேன். கடைசியில் முதல் ஸ்கேன்களை மட்டும், வடிகட்டாமல், ஐந்து இடங்களிலிருந்து எடுத்து இணைத்தோம். அட்டவணையையும் 'தெரியவில்லை' நிரலோடு அப்படியே கொடுத்தோம். முக்கி எடுத்த தாளில் காலியிடம் குறைந்திருக்கிறது என்று மட்டும் எழுதினோம். தியோல்தான் நிரப்பியது என்பதற்கு வேறு அளவீடுகளைக் காட்டினோம். படத்தைச் சாட்சிக்கு இழுக்கவில்லை.

அனுப்பிய அன்றிரவு அந்தச் சொரசொரப்பான படங்களில் ஒன்றை அம்மாவுக்குக் காட்டினேன். "மழைச் சாரல்ல மாவு கரைஞ்ச மாதிரி இருக்கு" என்றார். பெரிய புள்ளி, சின்னப் புள்ளி என்று விரலால் வரிசை வரிசையாகத் தடவிக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் நின்றார். "இது மட்டும் ஏன்டி இன்னும் சின்னதா இருக்கு?"

அது நாங்கள் குறித்திருந்தவற்றில் இல்லை. மறுநாள் போய் அந்தப் புள்ளியின் வெளிச்சத்தை அளந்தேன். 128 வந்தது. 111-க்கும் 145-க்கும் சரி நடுவில். கடைசி நிரலில் ஒன்றைக் கூட்டிவிட்டு, தம்பிக்குச் செய்தி அனுப்பினேன்.